பயாப்ஸியில் 'புற்று இல்லை' என்று வந்தால்

ஆண்களின் புராஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்கிறதா என்று திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் வழக்கமாக எடுப்பது 12 ஊசித் துணுக்குகள்தான், கட்டி அவற்றின் இடைவெளியில் தப்பிவிடலாம். ஆனால் கட்டிக்குப் பக்கத்துத் திசு மைக்ராஸ்கோப்பில் நல்லபடியாகத் தெரிந்தாலும் டிஎன்ஏ மட்டத்தில் மாறியிருக்கலாம். உதாரணத்துக்கு, செல்லுக்குள் வரும் நச்சை முறிக்கும் ஜிஎஸ்டிபி1 என்ற மரபணு. அதன் தொடக்கப் பகுதியில் மீதைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொண்டு அது வேலை செய்யாமல் போய்விடுகிறது, புராஸ்டேட் புற்றுகளில் 90 சதவீதத்துக்கு மேல் இந்த மாற்றம் உண்டு, கட்டிக்கு அருகிலுள்ள 'நல்ல' திசுவிலும் சிலருக்கு அகப்படுகிறது. கட்டியைச் சுற்றிய பரப்பே கெட்டிருக்கும் என்று 1953-லேயே ஸ்லாட்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வாய்ப்புற்றில் கண்டு சொன்னார்கள். இப்போது புற்று தெரியாத துணுக்கிலேயே இந்த மீதைல் தடயத்தைத் தேடும் சோதனை வந்துவிட்டது, இது எவ்வளவு பெரிய விஷயம்! எல்லா ஊரிலும் கிடைக்காது, சரி. அப்பாவுக்கோ மாமாவுக்கோ பிஎஸ்ஏ (ரத்தத்தில் பார்க்கும் புராஸ்டேட் புரதத்தின் அளவு) ஏறிக்கொண்டே போனால் ஒரு ரிப்போர்ட்டோடு விட்டுவிடாதீர்கள், அடுத்து என்ன பார்க்கலாம் என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.