ஹீட்டர் வால்வு ஒழுகினால் ரிசர்வ் டேங்க்கை நம்ப வேண்டாம்

எங்கள் வீட்டு மாருதி எஸ்டீம் கார் 1999 மாடல். அப்பா வாங்கியது. நாகர்கோவிலில் ஓடும் வண்டிக்கு ஹீட்டர் எதற்கு? இருபது வருஷத்துக்கு மேலாக ஹீட்டர் லிவர் நீலக் கோட்டிலேயே கிடந்தது. போன டிசம்பரில் கொடைக்கானல் போனபோதுதான் முதல்முறையாக அதைத் தொட்டேன். விடியற்காலைக் குளிரில் அம்மாவுக்குக் கால் விறைத்துவிட்டது. லிவரைச் சிவப்புப் பக்கம் இழுத்தேன். கொஞ்சம் முரண்டு பிடித்து, 'கிளுக்' என்று நகர்ந்தது. கால்மாட்டில் வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. "கொள்ளாம் மக்கா" என்றாள் அம்மா.

ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் இருக்கும். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் ஒரு வாடை. லேசாக இனிப்பு கலந்தது, வெல்லப்பாகு கருகின மாதிரி. ஓட்டும்போது கிடையாது, நிறுத்திய பிறகு ஐந்து நிமிஷம் மட்டும். போர்ட்டிகோவில் எஞ்சினுக்குப் பின்பக்கம் சொட்டுச் சொட்டாக ஈரம். ஏ.சி. தண்ணீரும் அந்தப் பக்கம்தான் விழும் என்பதால் அதுவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரில் மிஞ்சும் தண்ணீர் போய் நிற்கும் ரிசர்வ் டேங்க்கையும் பார்த்தேன். தண்ணீர் மேல் கோட்டில் அப்படியே நின்றது. மனசு சமாதானமாகிவிட்டது.

மார்ச்சில் அம்மாவோடு திருநெல்வேலிக்குக் கிளம்பினேன். தோவாளை தாண்டும்வரை டெம்பரேச்சர் முள் எப்போதும் நிற்கும் இடத்தில்தான் நின்றது. ஆரல்வாய்மொழி தாண்டியதும் பாதியைக் கடந்தது. முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் வருவதற்குள் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தினேன். பானெட் இடுக்கில் ஆவி வந்தது. வெளியே காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்தக் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளியது. உள்ளே எஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது.

ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவில்லை. மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டினாலும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் குபுக்கென்று கொதித்து, ஆவியோடு முகத்தில் அடிக்கும். அம்மாவைக் கோவில் பக்கம் நிழலில் உட்காரவைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். சாமி கும்பிட வண்டியை நிறுத்தியிருந்த ஒரு டெம்போ டிரைவர் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். மேல் ஹோஸை அழுத்திப் பார்த்து, அது துவண்ட பிறகு, துணியைப் போட்டு மூடியைப் பையத் திருப்பினார். ரேடியேட்டரில் தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. இரண்டரை லிட்டர் குடித்தது. ரிசர்வ் டேங்க் மட்டும் அப்போதும் மேல் கோட்டில் நின்றது.

"பாத்தியளா, டேங்க் நிறஞ்சு இருக்கு, ரேடியேட்டர் காலி. எங்கயோ காத்து இழுக்கு" என்றார் அவர். நான் வாழ்க்கையில் மறக்க முடியாத பாடம் அது. எஞ்சின் ஆறும்போது ரேடியேட்டர் உள்ளே ஒரு உறிஞ்சல் வரும். எல்லாம் சரியாக இருந்தால் அந்த உறிஞ்சல் ரிசர்வ் டேங்க்கிலிருந்து தண்ணீரை எடுத்துக்கொள்ளும். எங்காவது ஒழுக்கு இருந்தால் அந்த ஓட்டை வழியாகக் காற்றைத்தான் இழுக்கும். ரேடியேட்டர் நாள்தோறும் குறையும், டேங்க் அசையாது. இரண்டு மாதம் நான் பார்த்துக்கொண்டிருந்தது தவறான இடம்.

அங்கிருந்தே திரும்பினோம். ஏ.சி. இல்லாமல், நாற்பதுக்கு மேல் போகாமல், முள்ளைப் பார்த்துக்கொண்டே நாகர்கோவில் வந்து சேர்ந்தேன்.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் மூடியை மாற்றி அனுப்பினார்கள். இரண்டே நாளில் மறுபடி தண்ணீர் குறைந்தது. அப்புறம்தான் வெட்டூர்ணிமடம் பக்கம், பழைய மாருதி வண்டிகளையே காலமெல்லாம் பார்த்து வரும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் போனேன். அவர் எஞ்சினையே ஸ்டார்ட் பண்ணவில்லை. மூடியைக் கழற்றி அந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றைப் பூட்டி 13 பவுண்டு அழுத்தம் ஏற்றினார். "பேசாம நில்லுங்க, அதுவே சொல்லும்" என்றார். பத்து நிமிஷத்தில் முள் 9-க்கு இறங்கியது. வாட்டர் பம்பைப் பார்த்தார், காய்ந்து கிடந்தது. ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ் எல்லாம் சரி. உள்ளே பயணி பக்கம் கார்பெட்டைத் தூக்கிக் கைவைத்தார். அதுவும் காய்ந்திருந்தது. "ஹீட்டர் கோர் தப்பிச்சுது" என்றார். டேஷ்போர்டுக்குள்ளே எஞ்சின் சூடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் குட்டி ரேடியேட்டர்தான் கோர். அது ஒழுகியிருந்தால் கார்பெட் நனையும், முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி பிடிக்கும், டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும்.

கடைசியில் டார்ச்சை எஞ்சினுக்குப் பின்னால் அடித்தார். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் பாதையில் கட்டைவிரல் பருமனில் ஒரு வால்வு. அதன் தலையில் ஒரு சின்ன இரும்புக் கை, அதில் லிவரிலிருந்து வரும் கேபிள் மாட்டியிருந்தது. கையைத் தாங்கும் கம்பியின் அடியைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்தது மாதிரி ஒரு வளையம். அந்த வளையத்திலிருந்து ஒரு துளி மெல்லத் திரண்டு, கனத்து, வால்வின் வயிற்றில் வழிந்து, கீழே சைலன்ஸர் பைப்பின் பக்கம் விழுந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று, இனிப்பு வாடையோடு. ஏ.சி. தண்ணீருக்கு வாடையும் கிடையாது, வழவழப்பும் கிடையாது. இதை மட்டும் முதல் நாளே செய்திருந்தால் முப்பந்தல் வரை போயிருக்காது.

நடந்தது இதுதான். அந்தக் கம்பியைச் சுற்றி உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. வருஷக்கணக்காக அசையாமல் கிடந்து அது இறுகிவிட்டது. கூலன்ட்டோடு கிணற்றுத் தண்ணீரையும் ஊற்றி ஊற்றி உள்ளே உப்பும் படிந்திருந்தது. கொடைக்கானலில் நான் லிவரை இழுத்தபோது அந்த ரப்பர் கீறிவிட்டது. சூடேறி அழுத்தம் வந்தால் மட்டும் ஒழுகும், ஆறி அழுத்தம் இறங்கினால் ஒழுக்கு நின்றுவிடும். அதனால்தான் காலையில் பானெட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

"நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு? இத எடுத்துப் போட்டுட்டு ரெண்டு ஹோஸையும் ஒண்ணாச் சேத்துருவோம்" என்றார் அண்ணாச்சி. வால்வு கிடைக்கும்வரை அப்படியே செய்யச் சொன்னேன். ஒரு துண்டு பைப், இரண்டு கிளிப், இருபது நிமிஷ வேலை. வண்டி ஒழுகாமல் ஓடியது. ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்ள எனக்கு மனசில்லை. நம் மாவட்டத்துக்கு மழை ஜூனிலும் உண்டு, அக்டோபரிலும் உண்டு. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மழையில் போனால் கண்ணாடி உள்ளே புகைபிடித்த மாதிரி மங்கிவிடும். ஏ.சி.யைப் போட்டால் தெளியும், ஆனால் அம்மாவின் முட்டுக்கு அந்தக் குளிர் ஆகாது. ஏ.சி.யோடு ஹீட்டரையும் கொஞ்சம் திறந்தால் உலர்ந்த காற்றே வெதுவெதுப்பாக வரும். அதற்காகவே வால்வு வேண்டும் என்று நின்றேன்.

வால்வுக்கு அலைந்ததுதான் பெரிய பாடு. நாகர்கோவிலில் இரண்டு ஸ்பேர் கடையில் இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வேறு மாடலுக்கானதை எடுத்துத் தந்தார்கள். பழையதைக் கையில் கொண்டுபோயிருந்தேன், நல்லதாயிற்று. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழாய்ப் பருமன் சரி, ஆனால் கை எதிர்ப் பக்கம் திரும்பியது. அதை மாட்டியிருந்தால் லிவர் நீலத்தில் இருக்கும்போது வால்வு திறந்து, வெயிலில் சூடு காற்று அடித்திருக்கும். சரியானது திருவனந்தபுரத்திலிருந்து நாலாம் நாள் வந்தது.

மாட்டும்போது அண்ணாச்சி பழைய ஹோஸைப் பிடித்து இழுக்கவில்லை. பிளேடால் நீளவாக்கில் கீறி, தோலை உரிக்கிற மாதிரி உரித்தார். இழுத்தால் உள்ளே இருக்கும் ஹீட்டர் கோர் குழாய் வளைந்து, அங்கே புது ஒழுக்கு பிறக்கும் என்றார். ஹோஸ் இரண்டும் புதிது, கிளிப் நாலும் புதிது. கேபிளை மாட்டி, லிவர் நீலத்தில் இருக்கும்போது வால்வு முழுசாக மூடுகிறதா என்று பார்த்துத்தான் கேபிள் உறையின் கிளிப்பை அழுத்தினார்.

கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, லிவரைச் சிவப்பில் வைத்து, மூடியைத் திறந்தே எஞ்சினை ஓடவிட்டார். லிவரை நீலத்தில் வைத்து நிரப்பினால் ஹீட்டர் கோருக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழ்கள் மேலே வந்து மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றினார். குமிழ் நின்று, கால்மாட்டில் சூடு காற்று வந்த பிறகுதான் மூடினார். மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரிலேயே மட்டம் பார்க்கச் சொன்னார். கால் கிளாஸ் மட்டும் பிடித்தது. வால்வு, ஹோஸ், கிளிப், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. எஸ்டீமின் எஞ்சின் அலுமினியம். முப்பந்தலில் நிறுத்தாமல் இன்னும் பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம்.

வீட்டில் கோழியோ நாயோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கூலன்ட் இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், கோழியும் குடித்துவிடலாம், அது விஷம். எங்கள் வீட்டில் அம்மா கோழி வளர்க்கிறாள். போர்ட்டிகோவில் சொட்டியிருந்த இடத்தில் மணலைப் போட்டு அள்ளி, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். வடித்த பழைய கூலன்ட்டை கேனில் மூடி ஒர்க்‌ஷாப்பிலேயே ஒப்படைத்தேன்.

ஒரு வாரம் வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்துவைத்தேன். ஏ.சி. தண்ணீரின் நிறமில்லாத வட்டம் மட்டும் காய்ந்து கிடந்தது. ஜூன் மழையில் அம்மாவோடு குலசேகரம் போனோம். கண்ணாடி மங்கத் தொடங்கியதும் ஏ.சி.யைப் போட்டு லிவரைப் பாதிவரை நகர்த்தினேன். இந்த முறை முரண்டு பிடிக்கவில்லை. கண்ணாடி கீழிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே வந்தது. அம்மா சேலை முந்தானையை இழுத்துப் போர்த்தாமல் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.