யார் எதை எழுதினார் என்று காட்டும் கருவிகள்

ஓர் இணையக் கருவியை வகுப்புக்குள் கொண்டுவருவதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: மாணவர்கள் முடித்துக் கொடுத்த விடையை மட்டும் அது காட்டுகிறதா, அந்த விடைக்கு அவர்கள் வந்து சேர்ந்த வழியையும் காட்டுகிறதா? குழுவாகச் செய்யச் சொன்ன வேலையை ஒருவர் எழுத, மற்றவர்கள் தங்கள் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்வது எல்லா ஆசிரியர்களும் அறிந்த வழக்கம். இதைக் கண்டிப்பால் மாற்ற முயல்வதைவிட, ஒவ்வொருவரின் பங்கும் தானாகவே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வேலையைச் செய்யச் சொல்வது எளிது.

அந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது 2008இல் வெளிவந்த ஈத்தர்பேட். பலர் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒவ்வொருவரின் எழுத்தும் ஒரு தனி நிறத்தில் தோன்றும். இதைவிட மேலானது அதிலுள்ள காலக்கோடு: அதை இழுத்தால், வெற்றுப் பக்கத்திலிருந்து இறுதி வடிவம் வரை அந்த உரை எப்படி வளர்ந்தது என்பதை ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒரு பத்தியை மூன்று பேர் மாற்றி மாற்றித் திருத்தி, கடைசியில் முதல் வடிவத்துக்கே திரும்பியதை மாணவர்கள் தாங்களே பார்க்கும்போது, திருத்தம் என்பதைப் பற்றி நான் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருப்பதில்லை.

கூகுள் டாக்ஸில் இந்த வரலாறு இருந்தாலும் சற்று மறைவாகவே இருக்கிறது. ஆனால், அடுத்தவர் எழுதியதை நேரடியாக மாற்றாமல் பரிந்துரையாக மட்டும் விட்டுச்செல்லும் வசதி அதில் மிக நன்றாக அமைந்துள்ளது. பரிந்துரையை ஏற்பதா, தள்ளுவதா என்பதை எழுதியவரே முடிவு செய்வதால், திருத்துகிறவர் தன் காரணத்தைச் சொல்லியே ஆகவேண்டும்.

விக்கிப்பீடியாவை மாணவர்கள் தகவல் எடுக்கும் இடமாக மட்டுமே அறிந்திருக்கிறார்கள். சர்ச்சைக்குரிய தலைப்பில் ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, கட்டுரைக்கு முன்பாக அதன் உரையாடல் பக்கத்தைப் படிக்கச் சொல்வது என் வழக்கம். எந்தச் சான்று போதாது, எந்தச் சொல் ஒரு பக்கம் சாய்கிறது என்று முகமறியாத மனிதர்கள் வாதிடுவதைப் படித்தபின் அந்தக் கட்டுரையை அவர்கள் வாசிக்கும் விதமே மாறிவிடுகிறது. சேர்ந்து வாசிப்பதற்கு ஹைப்பாதிசிஸ் உதவுகிறது: எந்த இணையப் பக்கத்திலும் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, குழுவினர் மட்டும் காணும்படி அதன் ஓரத்தில் குறிப்பெழுதலாம், பதிலும் எழுதலாம்.

கணிதத்துக்கு, வடிவங்களைத் திரையில் வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா; அறிவியலுக்கு, நோபல் பரிசாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் கணினிச் சோதனை மாதிரிகள். இவை கூட்டு வேலைக்கென்றே செய்யப்பட்டவை அல்ல. ஆனால் இரண்டு பேரை ஒரே திரையின் முன் உட்காரவைத்து, முதலில் என்ன நடக்கும் என்று எழுதச் சொல்லிவிட்டால் அப்படி ஆகிவிடுகின்றன. முக்கோணத்தின் ஓர் உச்சியை இழுத்து அதை விரிகோண முக்கோணமாக்கினால் செங்கோட்டு மையம் (உச்சிகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு வரையும் செங்குத்துக் கோடுகள் சந்திக்கும் புள்ளி) எங்கே போகும்? அது முக்கோணத்துக்கு வெளியே போவதைத் திரை காட்டிவிடும். ஏன் வெளியே போனது என்பதை இருவரும் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எல்லாரும் புகழும் வினாடி வினாக் கருவியான கஹூட்டில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. விரைவாக அழுத்தியவருக்குக் கூடுதல் புள்ளி தரும் ஆட்டம் வகுப்பைக் கலகலப்பாக்குகிறது. யோசிக்க நேரம் எடுப்பவரைப் பின்னுக்குத் தள்ளவும் செய்கிறது. ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் பரப்பிய முறை இதைவிட நல்லது: ஒவ்வொருவரும் தனியாக விடையளிக்க வேண்டும், பிறகு வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு வாதிட வேண்டும், பிறகு மீண்டும் விடையளிக்க வேண்டும். இதற்கு எந்தச் சாதாரண வாக்கெடுப்புக் கருவியும் போதும். முதல் சுற்றின் முடிவை மட்டும் திரையில் காட்டிவிடக் கூடாது. காட்டினால் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

கருவிகளின் ஆயுளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பலரும் வரைபலகையாகப் பயன்படுத்திய கூகுள் ஜாம்போர்டு 2024 இறுதியோடு மூடப்பட்டது. ஆகவே, செய்த வேலையை வெளியே எடுத்துவைக்க வழியில்லாத எதையும் ஓர் ஆண்டு முழுவதும் நீளும் பணிக்கு நான் தேர்ந்தெடுப்பதில்லை. ஈத்தர்பேட்டின் நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூலமாக இருப்பதால் பள்ளியே தன் சொந்த வழங்கியில் (சர்வரில்) அதை நிறுவிக்கொள்ளலாம். அது முடியாமல் பொது வழங்கியைப் பயன்படுத்துபவர்கள், பக்கத்தை வெறும் உரையாகச் சேமிக்காமல் ஈத்தர்பேட்டின் சொந்த வடிவத்தில் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அந்த வடிவத்தில்தான் திருத்தங்களின் வரலாறும் சேர்ந்து வரும்.