அசையாதே என்று கத்தியது

"மை யுக்!" என்று நான் போட்ட சத்தம் தேவையானதுதான். இதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று, ஆனாலும் மனம் ஒப்பவில்லை. ஹாங்காங்கில் பேசும் சீன மொழியான கான்டனீஸில் அதற்கு "அசையாதே" என்று பொருள். ஹாங்காங் போலீஸ் படங்களில் துப்பாக்கியை நீட்டியபடி சொல்வார்களே, அதேதான்.

போபோவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இங்கே முதியோர் இல்லங்களில் வயதான பெண்களை எல்லோரும் போபோ, அதாவது பாட்டி என்றுதான் கூப்பிடுவோம். பாதி எழுந்தவர், கழன்று கிடந்த செருப்பைப் பார்த்து அதை எடுக்கக் குனிந்தார். முழங்கால் மடங்கியது. கத்தினேன். அப்படியே நின்றார். இடுப்பு பெல்ட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன்.

வாசலில் அவருடைய மகள் நின்றிருந்தார். "அம்மாவிடம் ஏன் இப்படிப் பேசுகிறீர்கள்?"

"விழுந்திருப்பார்," என்றேன்.

"தெரியும். இருந்தாலும்..." அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

"ம் ஹோ யுக்" என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் அதே பொருள்தான், கொஞ்சம் தணிவாக இருக்கும். ஓர் அசைதான் கூடுதல். அந்த நேரத்தில் அந்த ஓர் அசைக்கு இடம் இருந்ததா?

பாடப்புத்தகத்தில் "நில்" என்பதற்கு "ஜாம்" என்று படித்துவிட்டு வந்தேன். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "கேய்" என்றுதான் சொல்கிறார்கள். உட்கார "ச்சோ", படுக்க "ஃபன்", இறுக்கிப் பிடிக்க "ஜா சட்". எல்லாம் சீனியர் அக்கா பக்கத்தில் நின்று சொல்லித்தந்தவை. மறதி நோய் உள்ளவர்களுக்கு ஒற்றைச் சொல்தான் போய்ச் சேரும், நீட்டினால் குழம்பிவிடுவார்கள் என்பார். அனுபவத்தில் அது உண்மை.

ஆனால் ஊரில் எந்தப் பாட்டியிடமும் நான் வெறுமனே "உட்கார்" என்று சொன்னதில்லை. கான்டனீஸ் வினைச்சொல்லில் "ங்க" மாதிரி எதுவும் ஒட்டாது. கடைசியில் வரும் "லா", "ஆ" போன்ற சின்னச் சொற்களும் குரலும்தான் அந்த வேலையைச் செய்கின்றன. வினைகள் எனக்கு முதலில் வந்துவிட்டன, இவை பிறகுதான் வந்தன. போபோவுக்கு அன்று நடந்தது மறுநாளே நினைவில்லை. அதை நினைத்து ஆறுதல் அடையவும் கூசுகிறது.

மகள் வரும் நாட்களில் "ச்சோ டை லா, போபோ" என்று நீட்டி, மெதுவாகப் பேசுகிறேன். போபோவுக்குப் பாதிதான் புரிகிறது, உட்கார முன்பைவிட நேரமாகிறது. சீனியர் அக்கா கவனித்துவிட்டார், பழையபடியே சொல் என்கிறார். நான் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.