சுவரில் இட்ட பென்சில் கோடுகள்

வலது தோளில் வலி தொடங்கி நான்கு மாதங்கள் கழித்து, கூந்தலை அள்ளி முடியக் கை மேலெழ மறுத்த ஒரு காலையில்தான் மருத்துவரிடம் சென்றேன். சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருகிற ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்றார். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்கிவிடுவதால், நாமே தூக்கினாலும் பிறர் பிடித்துத் தூக்கினாலும் கை ஓரிடத்தில் முட்டி நின்றுவிடுகிறது.

பிசியோதெரபிஸ்ட் கோணமானியை வைத்து அளந்தார். முன்புறமாகத் தூக்கியது 95 டிகிரி. ஏறக்குறைய 180 இருக்க வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்புறம் திருப்பியது 15 டிகிரி. இரண்டாவது எண்ணை நான் பொருட்படுத்தவே இல்லை.

வீட்டில் சுவரில் விரல்களை மேலேற்றும் பயிற்சியைச் செய்து, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடிட்டுத் தேதியும் எழுதி வந்தேன். மூன்று வாரங்களில் கோடு ஒரு சாண் ஏறியிருந்தது. ஆனால் கோணமானி 100 என்றது. ஐந்து டிகிரி வேறுபாடு அளப்பதில் நேரும் பிழையாகவும் இருக்கலாம் என்று அவர் சொன்னபோது சற்றுக் கோபமே வந்தது. பிறகு கண்ணாடி முன் நின்று பார்த்தேன். கையைத் தூக்கும்போது பெரும்பகுதி அசைவு தோள் மூட்டிலும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோள்பட்டை எலும்பிலும் நிகழ வேண்டும். என் மூட்டோ அசையாமல் இருக்க, தோள் காதுவரை ஏறியது, உடல் பின்னால் சாய்ந்தது, குதிகாலும் தரையைவிட்டு எழுந்தது. கோடு உயர்ந்ததற்குக் காரணம் கையல்ல, மற்றவை எல்லாம்.

அதன்பின் படுத்துக்கொண்டே அளந்தேன். தரையோடு முதுகு ஒட்டியிருந்தால் உடலால் அதிகம் ஏமாற்ற முடியாது. முழங்கையை மடக்கி, முன்கையில் கைப்பேசியைக் கட்டி, அதிலுள்ள சாய்வுமானியைக் கொண்டு, நான் அலட்சியம் செய்த அந்த வெளித்திருப்பத்தையே முதலில் குறித்தேன், ஏனெனில் இந்த நோய் பொதுவாக மிக அதிகமாக முடக்குவது அதைத்தான். வாரம் ஒருமுறை, ஞாயிறு மாலை, வெந்நீர் ஒத்தடத்துக்குப் பின். ஒத்தடம் இல்லாத நாளில் எண் குறைகிறது என்பதால் அந்த ஒழுங்கை மாற்றவில்லை. 15, 15, 20, 15, 20 என்று இரண்டு மாதங்கள் சலிப்பூட்டின. ஐந்தாம் மாதம் 40.

இப்போது கூந்தலை முடிய முடிகிறது. முதுகுக்குப் பின்னால் வலது கட்டைவிரல் எட்டும் இடம், இடது கட்டைவிரல் எட்டும் இடத்தைவிட இன்னும் நான்கு விரற்கடை கீழே இருக்கிறது.