ஹோர்லிக்ஸ் போத்தலில் ஒரு வாவி

மட்டக்களப்பில் சூறாவளி அடித்து ஒரு வருடம் கழிந்திருந்தது. 1979 மாரி. வகுப்பறைக் கூரையில் பாதி புதுத் தகரம். மழை பிடித்தால் சேர் சொல்வது முன் வாங்கில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் புவியியல் சேர் நாலு ஹோர்லிக்ஸ் போத்தல்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மண் கொண்டுவரச் சொல்லி முந்தின வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தார். எங்கள் வகுப்பில் மண்டூர்ப் பையன் ஒருவன் விடுதியில் தங்கிப் படித்தான். அவன் குருமண்வெளித் துறையில் பாதை (மிதவைப் படகு) ஏறிப் போய், வெள்ளாமை வயல் வட்டையிலிருந்து ஒரு பிடி களிமண்ணைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தான். செங்கலடிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று ஆற்றோரத்து மண்ணைக் கொண்டுவந்தது. நான் கல்லடிக் கடற்கரை மணல். ஓடிப்போய் அள்ளி வந்த மண் என்று எனக்கு அன்று கொஞ்சம் வெட்கம்.

"போட்டு, தண்ணி விட்டு, நல்லாக் குலுக்குங்க மனே" என்றார் சேர்.

என்னுடைய மணல் பத்து எண்ணுவதற்குள் அடியில் கிடந்தது. மேலே தண்ணீர் கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவு. ஆற்றோரத்து மண்ணில் மணல் முதலில் இறங்கியது, அதன் மேல் பாடம் முடிவதற்குள் வண்டல் ஒரு படையாகப் படிந்தது. மண்டூர்க் களியோ பால் தேத்தண்ணீர் நிறத்தில் அப்படியே நின்றது. அடுத்த நாள் காலையிலும் கலங்கல்தான். களித்துணிக்கை ஒன்று 0.002 மில்லிமீற்றரிலும் சிறியது. விழுவதற்கு அதற்கு நாட்கணக்கு வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். அப்புறம் அந்தக் கலங்கலில் பாதியை நாலாவது போத்தலில் ஊற்றி, விடுதிக் குசினியில் வாங்கி வந்த உப்பில் ஒரு பிடி போட்டுக் கலக்கி வைத்தார். உப்புப் பட்ட களித் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிச் சீக்கிரமே இறங்கிவிட்டன.

"இதுதான் நம்மட வாவி" என்றார்.

மேற்கே இருக்கிற பாறை வெயிலிலும் மழையிலும் உக்குகிறது. குடும்பிமலை போன்ற குன்றுகள், சுற்றியிருந்த பாறையெல்லாம் தேய்ந்துபோன பிறகும் மிஞ்சி நிற்கிற எச்சம். பாறையிலிருக்கும் படிகக்கல் இலேசில் உக்காது, மணலாகிறது, மற்றவை களியாகின்றன. ஆறு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, வேகம் குறையக் குறையப் பாரமானதை முதலிலும் இலேசானதைப் பிறகும் விடுகிறது. சமவெளியில் வெள்ளம் பரவி நிற்கும் இடத்தில் வண்டலும் களியும் தங்கும். மிஞ்சிய களி, கடலோடு தொடுக்கும் வாவிக்குள் வந்து உப்புத் தண்ணீரைத் தொட்டதும் படிந்துவிடும். அந்தப் பக்கம் கடல் அலை களியைக் கழுவிக்கொண்டு போய், மணலை மட்டும் கரையில் ஏற்றுகிறது. அதனால்தான் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வெள்ளாமை, கிழக்கே எழுவான்கரையில் தென்னை. பூவல் என்கிற சின்னக் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவதும் அந்த மணலுக்குள் தங்கிய மழைநீர்தான்; கீழே உப்புத் தண்ணீர், மேலே அது மிதக்கிறது. எங்கள் சாப்பாடு, தொழில், கலியாணச் சம்பந்தம்கூட இந்த மண் பிரிவில் வந்ததுதான் என்று அன்று முதல்முதலாக எனக்குப் பட்டது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று ஒருவன் சொன்னான். சேர் அதைத் திருத்தினார்: தண்ணீர் தனியே கல்லைத் தேய்ப்பது கொஞ்சம்தான், அது காவிக்கொண்டு போகிற மணல்தான் அரம்.

அடுத்த தவணையில் பனிக்கட்டியாறு. மீன் பெட்டி ஐஸைத் தவிர வேறு ஐஸ் கண்டிராத நாங்கள் அந்தப் பாடத்தைப் பாடமாக்கி ஒப்பித்தோம். கடைசியில் சேர், "வாவிக்கும் இந்தப் பனிக்கட்டிக்கும் சொந்தம் இருக்கு" என்றார். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. மணி அடித்துவிட்டது. மேற்கொண்டு அவரிடம் கேட்காமல் விட்டது இன்றும் எனக்குக் கவலை.

நான் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்த முதல் கோடையில், வீட்டிலிருந்து பஸ் பிடித்து ஒன்ராறியோ ஏரிக்கரை மண்மேட்டைப் பார்க்கப் போனேன். ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளம், உயர்ந்த இடத்தில் 90 மீற்றர். கீழ்ப் பகுதியில் ஒழுங்கான படைகள்: களி, அதற்கு மேல் மணல். முன்பொரு காலத்துப் பெரிய ஏரியில் ஒரு ஆறு கொண்டுவந்து இறக்கியவை. பார்த்த உடனே போத்தல் ஞாபகம் வந்தது. மேலே போகப் போக ஒழுங்கு குலைந்து, களிக்குள் மணல், மணலுக்குள் கூழாங்கல், நடுவில் தலையளவு பாறாங்கல். குலுக்கின போத்தலை அப்படியே உறைய வைத்தது போல. தண்ணீர் பிரித்துப் போடும், பனிக்கட்டி பிரிக்காது. களியையும் மலைத் துண்டையும் ஒரே பிடியில் அள்ளி வந்து, உருகும் இடத்தில் ஒன்றாகக் கொட்டிவிடும். பரீட்சைக்கு எழுதி நல்ல புள்ளி வாங்கிய வரிதான். விளங்கியது அன்றைக்குத்தான்.

இங்கே கமக்காரர் ஒவ்வொரு வசந்தத்திலும் வயலில் புதிதாகக் கல் பொறுக்குகிறார்கள். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பெருக்கிறது. நிலத்துக்குள் ஐஸ் கட்டும்போது பழைய பனிக்கட்டி விட்டுப்போன கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிவிடுகிறது. அந்தக் கல்லெல்லாம் வயலோரத்தில் வேலியாகக் கிடக்கும்.

சரி, சேர் சொன்ன சொந்தம் என்ன? ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் நான் இப்போது குடியிருக்கிற இடத்தின் மேல் ஒரு கிலோமீற்றருக்கும் அதிகமான தடிப்பில் பனிக்கட்டி கிடந்தது. இப்படி நிலத்தில் அடைபட்ட தண்ணீர் எல்லாம் கடலிலிருந்து போனதுதான். அதனால் உலகம் முழுவதும் கடல் இன்றையிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்து நின்றது. நம் ஆறுகளும் அந்தத் தாழ்ந்த கடலை நோக்கித் தங்கள் பள்ளத்தை ஆழ வெட்டின. பனிக்கட்டி உருக, கடல் ஏறி வந்து பள்ளங்களை மூழ்கடித்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் அது இன்றைய மட்டத்தை அண்மித்த பிறகு, அலை மணலைக் குவித்துத் திடல் கட்டி அந்த நீர்நிலையைக் கடலிலிருந்து மறித்தது. கனடாவில் உருகிய ஐஸில் ஒரு பங்கு கல்லடிப் பாலத்துக்குக் கீழே நிற்கிறது. நாங்கள் சிரித்தோமே.

ரொறன்ரோத் தீவுகளும் அப்படி வந்தவைதான். ஸ்காபரோ மேட்டை அலை அரித்த மணல், கரையோரமாக மேற்கே நகர்ந்து திடலாகியது. 1858இல் ஒரு புயல் அந்தத் திடலை வெட்டித் தீவாக்கியது. முகத்துவாரத்தில் ஒவ்வொரு மாரியும் வெள்ளம் மணலை உடைத்துக் கடலுக்குப் போவதையும், பிறகு அலை அதை மூடிவிடுவதையும் பார்த்து வளர்ந்த எனக்கு அது புதினமாகவே தெரியவில்லை.

மணல் வரவு குறைந்தால் கரை மெலியும். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெருங்குளம் கட்டியதால் ஆயிரமாயிரம் ஏக்கர் விளைந்தது, அதை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஆனால் மலையிலிருந்து வரும் மணலில் பெரும்பங்கு இப்போது குளத்தடியில் கிடக்கிறது. கீழே எஞ்சிய ஆற்று மணலையும் டிப்பரில் ஏற்றிக்கொண்டு போனால், அம்பாறைக் கரைக்கும் நம் கரைக்கும் கடல் எதைக் கொண்டுவந்து போடும்? ஊரில் காணி வாங்கி வீடு கட்டுகிற நம் பழைய மாணவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சேர் காலமாகிவிட்டார். மண்டூர் நண்பன் அதே வட்டையில் வெள்ளாமை செய்கிறான். போன மாரி வெள்ளம் வடிந்ததும் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வயல் வாடித் திண்ணையில் போத்தல் ஒன்று, உள்ளே அவன் வயலில் வெள்ளம் விட்டுப்போன மண். களிக்குக் கீழே ஒரு விரல் மொத்தத்துக்கு மணல். "முந்தி இவ்வளவு மணல் வாறதில்ல" என்று எழுதியிருந்தான்.