எடை திரும்பி ஏறும்போது

எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இறங்கிய எடையில் பாதி எனக்குத் திரும்ப ஏறிவிட்டது. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கல்யாண வீட்டில், "என்னம்மா, ஆப்பரேஷன் பண்ணியும் இப்படியா?" என்று அத்தை எல்லார் முன்னாலும் கேட்டார். ரொம்ப வலித்தது.

இது சோம்பேறித்தனம் இல்லை, அத்தை. ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவிகிதத்தை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். ஆரம்பத்தில் பசியே தெரியவில்லை. அப்புறம் உடம்பு இழந்த எடையை மீட்கப் பார்க்கிறது. மிச்சமுள்ள இரைப்பையும் சிலருக்கு விரிந்துகொடுக்கிறது. எனக்குக் கோழிக்கறி நாலு வாய்க்கு மேல் இறங்காது, நெஞ்சிலேயே நிற்கும். தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய பால் தேநீர் மட்டும் கெட்டிப்பாலும் சீனியுமாக வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது.

டாக்டர் இப்போது ஸ்லீவை இரைப்பை பைபாஸாக, அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் அறுவையாக, மாற்றுவதைப் பற்றிப் பேசுகிறார். இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படுத்தாலும் எனக்குப் புளிப்பு தொண்டை வரை ஏறுகிறது; பைபாஸ் செய்தால் அது பெரும்பாலும் அடங்கும் என்பதுதான் என்னை இழுக்கிறது. ஆனால் இரண்டாவது அறுவையில் சிக்கல் வர வாய்ப்பு கூடுதல். எடையும் முதல் தடவை போல மளமளவென்று இறங்காது. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க.

பசியைக் குறைக்கும் செமாகுளூட்டைட் ஊசியும் ஒரு வழி. நிறுத்தினால் எடை திரும்பும், மாதச் செலவும் உண்டு. சரி, முதலில் எண்டோஸ்கோபி, குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் சோதனை. அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.