28 நிமிட நிகழ்ச்சியும் 77 நாள் காத்திருப்பும்

மாசசூசெட்ஸில் நாங்கள் இருக்கும் ஊரின் கேபிள் தொலைக்காட்சியில் மூன்று ஆண்டுகளாகத் தமிழில் ஒரு நிகழ்ச்சி நடத்திவருகிறேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கடையில் பால் வாங்கும்போது யாராவது "நேற்று உங்களைப் பார்த்தேன்" என்றால் அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. கொலு, வருமான வரி, பனிக்காலத்தில் பெற்றோரை ஊரிலிருந்து வரவழைக்கலாமா என்பது போன்ற விஷயங்களைப் பேசிய வரைக்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. 2024-இல் சாதியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி எடுத்தேன். செப்டம்பர் 18 அன்று ஓடவேண்டியது ஓடவில்லை.

நம் ஊரில் உள்ளூர்க் கேபிள் அலைவரிசை என்றால் அது கேபிள்காரருடையது. பழைய படம் போடுவதும் பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து போடுவதும் அவர் விருப்பம். இங்கே 'பப்ளிக் ஆக்சஸ்', அதாவது பொது அணுகல், என்று ஒன்று தனியாக இருக்கிறது. கேபிள் நிறுவனம் ஊர்த் தெருக்களில் கம்பி இழுத்துச் சம்பாதிக்கிறது அல்லவா, அதற்கு ஈடாக ஊர் சில அலைவரிசைகளையும் வருவாயில் ஒரு பங்கையும் கேட்டு வாங்கலாம் என்று 1984-ஆம் ஆண்டின் மத்திய கேபிள் சட்டம் சொல்கிறது. பங்குக்கு உச்சவரம்பு 5 சதவீதம். அந்தப் பணத்தில் ஒரு நிலையம் நடக்கிறது. ஊரில் குடியிருப்பவர் யாராக இருந்தாலும் அறிமுக வகுப்பில் உட்கார்ந்து, கேமரா பயிற்சி முடித்து, உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், தான் எடுத்ததை ஒளிபரப்பலாம். முதலில் வந்தவருக்கு முதலில் இடம். எங்கள் நிலையத்தை நடத்துவது ஊராட்சி அல்ல, லாப நோக்கற்ற ஒரு தனியார் அமைப்பு. இந்த ஒரு வரியின் கனம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நிகழ்ச்சியில் பெரிய புரட்சி எதுவும் இல்லை. பாஸ்டன் பக்கத்தில் இருக்கும் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல் சாதிப் பாகுபாட்டைத் தன் விதிகளில் தடைசெய்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் அதையே சட்டமாக்கியது. அதே ஆண்டு கலிபோர்னியாவில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் நிராகரித்தார். இவற்றைச் சொல்லிவிட்டு, இரண்டு விருந்தினர்களிடம் இங்கே நம்மவர் வீட்டு விருந்துகளில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவர்களில் ஒருவர், மென்பொருள் வேலையில் இருப்பவர், சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "முதலில் எந்த ஊர் என்பார்கள். சொல்வேன். அடுத்து, ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அங்கே நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவேன்."

ஒளிபரப்புக்கு முந்தைய நாள் நிலையத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஒரு சமூகத்தை இழிவுபடுத்துவதாகப் புகார் வந்திருக்கிறதாம். நிலையத்தில் யாருக்கும் தமிழ் தெரியாதாம். முழு நிகழ்ச்சிக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு தந்தால் பார்த்து முடிவு சொல்வார்களாம். அதுவரை 'நிறுத்திவைப்பு'. முன்னோட்டத் துணுக்கை நான் நம்மவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். புகார் எங்கிருந்து போயிருக்கும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

என்னுடைய முதல் தவறு, மறுபேச்சில்லாமல் மொழிபெயர்க்க உட்கார்ந்தது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் புத்தி. இரண்டு இரவுகளில் 11 நிமிடம் முடித்தேன். 'எந்தத் தெரு' வந்ததும் கை நின்றுவிட்டது. அதை ஆங்கிலத்தில் அப்படியே போட்டால் தபால்காரர் முகவரி விசாரிப்பது போல் இருக்கிறது. ஊரும் தெருவும் சேரியும் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்று அரைப்பக்கம் விளக்கம் எழுதினால்தான் அந்த மனிதர் ஏன் எழுந்துபோனார் என்பது புரியும். ஆனால் அந்த விளக்கத்தை எழுதப்போவது நான். புகார் கொடுத்தவர் 'இவர் திரிக்கிறார்' என்பார். இரண்டு தமிழர்களின் விளக்கங்களில் எது சரி என்று தமிழ் தெரியாத ஒருவர் தீர்ப்புச் சொல்வார்.

எங்கள் குழுவில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொள்ளும் அமெரிக்க முதியவர் ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஞாயிறு காலையில் போர்த்துகீசிய மொழியில் ஒரு மணி நேரப் பிரார்த்தனை ஓடுகிறதே, அவர்களிடம் மொழிபெயர்ப்பு வாங்குகிறார்களா?" வாங்கவில்லை. மொழிபெயர்ப்புக் கோப்பை அன்றே மூடினேன்.

அடுத்து எழுதிய கடிதமும் தவறுதான். அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம், பேச்சுரிமை என்று ஆவேசமாக இரண்டு பக்கம் எழுதினேன். நான்கே வரியில் பதில் வந்தது: நாங்கள் அரசு அல்ல. தேடிப் பார்த்தபோது அவர்கள் சொன்னதில் விஷயம் இருந்தது. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பொது அணுகல் நிலையத்தைக் குறைகூறிப் படம் எடுத்த இருவர் மீது அந்த நிலையம் நடவடிக்கை எடுத்து, அது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2019 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு: இப்படிப்பட்ட அலைவரிசையை நடத்துவதாலேயே ஒரு தனியார் அமைப்பு அரசாகிவிடாது; அரசை மட்டுமே கட்டும் முதல் திருத்தம் அதைக் கட்டுப்படுத்தாது. சரி, 1984 சட்டத்தில் நிகழ்ச்சியின் உள்ளடக்கத்தில் தலையிடக் கூடாது என்று இருக்கிறதே என்று பார்த்தால், அந்தப் பிரிவு கேபிள் நிறுவனத்தின் கையைத்தான் கட்டுகிறது. நிலையத்தின் கை அவிழ்ந்தே இருக்கிறது.

ஊராட்சிக் கூட்டத்துக்கும் போனேன். யார் வேண்டுமானாலும் பேச ஒதுக்கிய மூன்று நிமிடத்தில் பேசினேன். அங்கே பணிவாகத்தான் பேசவேண்டும் என்று ஊராட்சிகள் விதி வைக்கக் கூடாது என்று 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 1780-ஆம் ஆண்டு மாநில சாசனத்தை ஆதாரமாகக் காட்டிய தீர்ப்பு. எனக்கு அது பயன்படவில்லை. நான் பணிவாகத்தான் பேசினேன். "நிலையம் தனி அமைப்பு, நாங்கள் தலையிட முடியாது" என்று அவர்களும் பணிவாகவே சொன்னார்கள்.

கடைசியில் கைகொடுத்தது நிலையத்தின் சொந்த விதிப் புத்தகம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு படிக்காமல் கையெழுத்துப் போட்ட 34 பக்கம். எவை கூடாது என்று அதில் பட்டியல் இருந்தது: ஆபாசம், அவதூறு, வன்முறைத் தூண்டுதல், விளம்பரம், லாட்டரி. 'மனம் புண்படுதல்' அதில் இல்லை. உள்ளடக்கத்துக்கு முழுப் பொறுப்பும் தயாரிப்பாளருடையது, நிலையம் முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் தராது என்றும் எழுதியிருந்தது. தன்னைக் காத்துக்கொள்ள வழக்கறிஞரை வைத்து எழுதியிருப்பார்கள். இப்போது என்னைக் காத்தது. நிறுத்திவைப்பு என்ற சொல்லே 34 பக்கத்திலும் கிடையாது. முடிவு வந்த 30 நாளுக்குள் இயக்குநருக்கு எழுத்தில் மேல்முறையீடு, 10 வேலைநாளில் பதில், திருப்தி இல்லையென்றால் நிர்வாகக் குழு. 27-ஆம் நாள் அனுப்பினேன். பேச்சுரிமை என்ற சொல்லை எங்கும் எழுதவில்லை. பக்க எண், பத்தி எண் மட்டும்.

இயக்குநர் சமரசம் பேசினார். நல்ல பெண்மணி, என் மீது கோபமே இல்லை. இரவு 11 மணிக்குப் போட்டுவிடலாமே என்றார். அந்த நேரம் வேண்டுமானால் 'வயது வந்தோருக்கு மட்டும்' என்ற கட்டத்தில் நான் குறியிடவேண்டும். இழிவுபட்டவர் தன் அனுபவத்தைச் சொன்னது வயது வந்தோர் சமாசாரமா? மறுத்தேன்.

இதற்கிடையில் தீபாவளி விருந்து ஒன்றில் புகார் கொடுத்தவரே என்னிடம் வந்தார். மறைக்கவும் இல்லை. "நமக்குள் இருப்பதை ஏன் மேடம் வெள்ளைக்காரர்கள் முன்னால் வைக்கிறீர்கள்?" என்றார். "சார், அவர்களுக்குத் தமிழ் புரியாது என்பதுதானே இப்போது சிக்கல்" என்றேன். சிரிக்கவில்லை. "உங்களுக்கும் அரைமணி நேரம் கிடைக்கும், மாதத்தின் முதல் செவ்வாய் அறிமுக வகுப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். இன்றுவரை அவர் வரவில்லை.

நிர்வாகக் குழு நவம்பர் நடுவில் கூடியது. கூட்ட அறையில் வெப்பமூட்டி பழுது என்பதால் படப்பிடிப்புக் கூடத்தின் பச்சைத் திரைக்கு முன்னால் ஏழு பேர் உட்கார்ந்தார்கள். "இன்று இதை விட்டால் நாளை கு கிளக்ஸ் கிளான் வந்து நிற்கும்" என்றார் ஒருவர். கறுப்பர்களை வெறுக்கும் வெள்ளை இனவெறிக் கூட்டம் அது. ஒலிப்பதிவு முதியவர் எழுந்தார். அப்படி வந்தே விட்டார்கள் என்றார். மிசௌரி மாநிலத்துக் கன்சாஸ் சிட்டியில் கிளான் ஆட்கள் நிகழ்ச்சி போட வந்தார்கள். இடம் கொடுக்க மனமில்லாத நகர மன்றம் 1988-இல் பொது அணுகல் அலைவரிசையையே ஒழித்தது. வழக்கு நடந்து, மறு ஆண்டு அலைவரிசையைத் திருப்பித் தந்தது. கதையைக் கேட்டுக் குழு தைரியம் அடையும் என்று நினைத்தேன். முகங்களில் இன்னும் பீதி கூடியதுதான் மிச்சம். பொருளாளர் மனம் திறந்தார்: கேபிள் சந்தாதாரர்கள் குறைகிறார்கள், நிலையத்தின் வருவாயும் அதோடு இறங்குகிறது, கேபிள் உரிமம் புதுப்பிக்கும் பேச்சு வரப்போகிறது, இந்த நேரத்தில் யாரும் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பவில்லை. சாதி, தமிழ் எல்லாம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மாதத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

ஐந்துக்கு இரண்டு. என் வழக்கமான நேரத்திலேயே ஒளிபரப்பலாம். எந்த மொழி நிகழ்ச்சிக்கும் மொழிபெயர்ப்பு கேட்கக் கூடாது என்று தீர்மானம்.

வீட்டுக்கு வந்து பாயசம் வைத்தேன். மூன்றாம் நாள் அந்த மென்பொருள் விருந்தினர் தொலைபேசியில் அழைத்தார். அலுவலகத்தில் பேச்சு பரவிவிட்டதாம். அவருடைய விசா அந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. "அக்கா, செப்டம்பரிலேயே வந்திருந்தால் வந்ததுபோல் போயிருக்கும். இப்போது எல்லாரும் காத்திருந்து பார்ப்பார்கள். என் பகுதியை எடுத்துவிடுங்கள்" என்றார். எடுத்தேன்.

டிசம்பர் 4 அன்று ஒளிபரப்பானது 19 நிமிட நிகழ்ச்சி. மீதி 9 நிமிடத்துக்கு நிலையம் ஊர் அறிவிப்புப் பலகையை ஓடவிட்டது: பனி அள்ளும் வண்டி வருவதால் இரவில் எந்தெந்தத் தெருவில் கார் நிறுத்தக் கூடாது என்ற பட்டியல், அகர வரிசையில்.